பெட்டியில் வரும் போன்: பதியவேண்டியவர் யார்?

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன சில இடைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். கல்வெட்டு, காப்பியம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது வெளிநாட்டிலிருந்து வரும் செல்போனை அரசாங்கத்திடம் பதிவது பற்றி. இது ஏதோ அலுவலகச் சமாச்சாரம் என்று தோன்றலாம். ஆனால் இதைப் பேசத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் கேரளத்தின் புலம்பெயர்வைக் கணக்கெடுத்து வருகிறது. அதன் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 22 லட்சம் மலையாளிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் பக்கத்து விமான நிலையம் இதுதான். குளச்சல்காரரும் களியக்காவிளைக்காரரும் வளைகுடாவிலிருந்து வந்து இறங்குவது சாக்கை முனையத்தில். அவர்கள் கொண்டுவரும் பெட்டியைத் திறந்தால் டாங், நிடோ, கோடாலித் தைலம், அதற்கடியில் துணியில் சுற்றிய ஒரு போன். தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

அந்தப் போனைப் பதிய வேண்டுமா? வேண்டுமென்றால் யார் பதிவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதியும் கடமை விற்கிறவரின் தலையில் இருக்க வேண்டும், சுமந்து வருகிறவரின் தலையில் அல்ல. இந்தியா இதுவரை பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் சட்ட வாசகத்தில் ஒரு கதவு சாத்தாமல் கிடக்கிறது. அக்கம்பக்கத்து நாடுகள் சில அதே போன்ற கதவு வழியாக எங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் பார்த்துவிட்டோம்.

1. முதலில் ரேடியோ

இங்கே 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். 1933இன் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், அனுமதி இல்லாமல் ஒரு வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஒலிபரப்பினால்தான் குற்றம் என்று இல்லை. கேட்பதற்காக வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். இந்த ஊரில் திருவிதாங்கூர் அரசு 1943இல் வானொலி நிலையம் தொடங்கியது. 1950இல் அகில இந்திய வானொலி அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் சாதாரண ரேடியோ வைத்திருந்தவர் தபால் ஆபீசில் வருடந்தோறும் 15 ரூபாய் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கு 50 ரூபாய்.

1970களில் வளைகுடாப் பயணம் சூடுபிடித்தது. ஊருக்கு வருகிறவர் கையில் பானசோனிக் ‘டூ இன் ஒன்’ தொங்கும். அது சுங்கத்தில் ஒருமுறை வரி கட்டியது. வீட்டுக்கு வந்தபின் தபால் ஆபீசில் மறுபடி, வருடா வருடம். ஒரே பொருளுக்கு இரண்டு பதிவேடு, இரண்டுக்கும் கடன்பட்டவர் ஒரே ஆள். கேட்டவர்கள் எத்தனை பேர், கட்டியவர்கள் எத்தனை பேர் என்பது அன்று ஊரறிந்த ரகசியம். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் வந்தால் ரேடியோ கட்டிலுக்கடியில் போய்விடும். 1980களின் நடுப்பகுதியில் லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த 1933 சட்டம் மட்டும் போகவில்லை. 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை ஏட்டில் இருந்தது. அதன் கண்ணில் செல்போனும் ஒரு வயர்லெஸ் கருவிதான். வைத்திருப்பவரைப் பதிவேட்டில் பிடிப்பது என்ற பழக்கம் நம் நிர்வாகத்துக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன். 90 வருட வேர் அது.

2. அந்தப் பதினைந்து இலக்கம்

போனில் *#06# அழுத்திப் பாருங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண் வரும். இதைத்தான் ஐஎம்இஐ என்கிறார்கள். முதல் 8 இலக்கம் எந்தத் தயாரிப்பாளர், எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட போனின் வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம்: ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1950களில் கண்ட ஒரு கூட்டல் முறை. முன்னே உள்ள 14இல் ஒன்றைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும். கிரெடிட் கார்டு எண்ணிலும் இதே முறைதான்.

எந்த நாட்டுக் கடையில் வாங்கினாலும் இந்த எண் ஒன்றே. உலக அளவில் ஜிஎஸ்எம்ஏ என்ற அமைப்பு மாடல் எண்களைப் பகிர்ந்து தருகிறது. ஆக, போன் நம் நாட்டுக்குள் வரும்போதே ‘பெயர் வைத்து’த்தான் வருகிறது. அரசாங்கம் புதிதாகப் பெயர் வைப்பதில்லை, வந்த பெயரை எழுதிக்கொள்கிறது.

இந்த எண்ணில் ஆள் பெயர் கிடையாது, நாடு கிடையாது, விலை கிடையாது. ஆனால் நீங்கள் சிம் போட்டவுடன் டவர் இந்த எண்ணையும் உங்கள் சிம் எண்ணையும் சேர்த்தே பார்க்கிறது. அந்த நொடியில் பொருளின் எண் ஆளோடு கட்டப்பட்டுவிடுகிறது. நம் விவகாரத்தின் சிக்கல் முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

நெட்வொர்க்கில் கருவிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று பட்டியல் வைக்க முடியும். எந்தப் பட்டியலை ஆதாரமாக வைக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு விதமாக ஆள் நிறுத்தலாம். வம்பு செய்கிறவன் என்று தெரிந்தவனை மட்டும் நிறுத்துவது ஒரு விதம். அழைப்பிதழ் பட்டியலில் பெயர் இல்லாத எவரையும் நிறுத்துவது இன்னொரு விதம். முதல் வகை கறுப்புப் பட்டியல், இரண்டாவது வெள்ளைப் பட்டியல். கறுப்புப் பட்டியலில் நிரூபிக்கவேண்டியது அரசு. வெள்ளைப் பட்டியலில் நிரூபிக்கவேண்டியது நீங்கள்.

3. இந்தியா வந்த வழி

2008, 2009இல் சீனத்திலிருந்து மலிவு போன்கள் வந்து குவிந்தன. பெரிய ஸ்பீக்கர், இரண்டு சிம், டிவி ஆன்டெனா எல்லாம் இருக்கும். ஐஎம்இஐ மட்டும் இருக்காது, அல்லது 15 சுழியம் இருக்கும். சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும், இங்கே வெளிநாட்டுச் சாமானுக்குப் பேர்போன பீமாபள்ளிக் கடைகளும் இந்தப் போன்களைப் பார்த்தவைதான். 2009 ஜூனில் வெளிநாட்டு வணிக இயக்குநரகம், எண் இல்லாத போன்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. பலமுறை தள்ளிப்போட்ட கெடு முடிந்து, அந்த ஆண்டு நவம்பர் 30 நள்ளிரவோடு அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பு துண்டிக்கப்பட்டது. பல லட்சம் போன்கள் ஒரே இரவில் வெறும் டார்ச் லைட் ஆயின.

யாருக்கு நஷ்டம்? இறக்குமதி செய்தவர் ஏற்கனவே காசு பார்த்துவிட்டார். கடைக்காரரும் பார்த்துவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய கூலித் தொழிலாளியும் மீன் விற்கும் அம்மாவும்தான் மாட்டினார்கள். அப்போது ஒரு விசித்திரமும் நடந்தது. செல்போன் சேவை நிறுவனங்களின் சங்கம் கடைகளில் சிறு கட்டணத்துக்கு, எண் இல்லாத போனுக்குள் முறையான எண் ஒன்றைப் பதித்துக் கொடுத்தது. ஏழைகளைக் காப்பாற்றிய நல்ல காரியம்தான். ஆனால் எண்ணை மென்பொருளால் மாற்றலாம் என்பதை ஊரெல்லாம் பார்த்துக்கொண்டது.

பார்த்ததன் பலனும் வந்தது. உத்தரப் பிரதேச மீரட்டில் ஒரு போலீஸ்காரர் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய போனில், பெட்டியில் இருந்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. சைபர் பிரிவு தோண்டிப் பார்த்தபோது அதே ஒற்றை எண்ணில் நாடு முழுக்க 13,500க்கும் மேற்பட்ட போன்கள் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. 2020 ஜூனில் வழக்குப் பதிவானது. ஒரே எண் அத்தனை போனில் இருந்தால், அதை வைத்து எந்தத் திருடனைப் பிடிப்பது?

2017 ஆகஸ்டில் ஐஎம்இஐயைத் திருத்துவதைத் தடுக்கும் விதிகள் வந்தன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னதும் அதே ஆகஸ்டில்தான், 24ஆம் தேதி. இரண்டும் திட்டமிட்டுச் சேர்ந்து வரவில்லை. ஆனாலும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் அந்த இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் படிப்பது நல்லது. 2019 செப்டம்பரில் மத்தியக் கருவி அடையாளப் பதிவேடு, சுருக்கமாக சியெய்ர், மும்பையில் சோதனையாகத் தொடங்கியது. 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் வழியாக நாடு முழுவதற்கும் வந்தது.

இடையில் 2022 செப்டம்பரில் அந்த 2017 விதிகளுக்கு ஒரு திருத்தம். பரபரப்பில்லாமல் வந்தது, என் கணக்கில் இதுதான் முக்கியமானது. 2023 ஜனவரி 1 முதல், இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு போனின் எண்ணையும் முதல் விற்பனைக்கு முன் தயாரிப்பாளர் மத்திய அரசின் தளத்தில் பதிய வேண்டும். இறக்குமதியாகும் போனின் எண்ணை, அது நாட்டுக்குள் வருவதற்கு முன் இறக்குமதியாளர் பதிய வேண்டும். சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளும் இதையே தொடர்கின்றன. எண்ணைத் திருத்தினால் 2023 சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

2009இல் வாங்கியவரைப் பிடித்த அரசு, 2023இல் விற்பவரைப் பிடித்தது. பெரிய மாற்றம் இது. கறுப்புச் சந்தையின் ஊற்றுவாய் பெட்டகக் கப்பலில் இருக்கிறது, தோள்பையில் இல்லை. 10,000 போன் கொண்டுவருகிறவரிடம் எண்களைக் கேட்பது நியாயம். அவரிடம் கணினி இருக்கிறது, கணக்குப்பிள்ளை இருக்கிறார், தவறினால் முடக்க உரிமம் இருக்கிறது. ஒரு போன் கொண்டுவருகிறவரிடம் இவை எதுவும் இல்லை.

4. எல்லையைத் தாண்டிப் பார்ப்போம்

பாகிஸ்தான் 2018, 2019இல் வெள்ளைப் பட்டியல் முறைக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிந்து, விலைக்கேற்ற வரியைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உள்நாட்டு சிம் வேலை செய்யாது. உயர்ரகப் போனுக்கு அந்த வரி லட்ச ரூபாயைத் தாண்டும். விளைவு என்ன? ‘நான்-பிடிஏ’, அதாவது பாகிஸ்தான் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பதியாதது, என்று ஒரு தனிச் சந்தையே உருவானது. பதியாத போன் மலிவாகக் கிடைக்கும், அதை வைஃபையில் மட்டும் ஓட்டிக்கொண்டு, பேசுவதற்கு இன்னொரு பழைய போனை வைத்துக்கொள்கிறார்கள். எண்ணை மாற்றித் தருகிற கடைகளும் பெருகின. போலிகளை ஒழிக்க வந்த பதிவேடு போலி எண்ணுக்குக் கிராக்கி உண்டாக்கியது.

துருக்கியில் வெளிநாட்டுப் போன் உள்நாட்டு சிம்மோடு 120 நாள்தான் ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் பதிவுக் கட்டணம். 2018 தொடக்கத்தில் அது 170 லிராவை ஒட்டி இருந்தது, 2025இல் 45,614 லிரா. லிராவின் மதிப்பு சரிந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது வேறு பொருள். பதிவு என்ற பெயரில் தொடங்கியது இறக்குமதித் தடையாகப் போய் நின்றது. நிதியமைச்சகத்தின் கையில் ஒரு சுவிட்ச் இருந்தால் அது அணைந்தே கிடக்காது. வருமானம் குறையும் வருடத்தில் யாராவது ஒருவர் அதைத் திருகிப் பார்ப்பார்.

இந்தோனேசியா 2020இல் தொடங்கியது. பயணி விமான நிலையச் சுங்கத்தில் எண்ணைக் காட்டிப் பதிய வேண்டும், ஆளுக்கு இரண்டு போன் வரை. அங்கே 2024இல் உள்நாட்டு உதிரிப்பாக விகிதம் பற்றிய தகராறில் ஐபோன் 16 விற்பனைக்கே தடை வந்தது. கடையில் விற்க முடியாத போனைப் பயணி சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம் என்று விட்டார்கள். தடை போட்ட அரசே பயணியையும் வியாபாரியையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டி வந்ததைக் கவனியுங்கள்.

நமக்கு நெருக்கமானது இலங்கை. அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு, 2025 ஜனவரி 28 முதல் பதிவில்லாத ஐஎம்இஐ கொண்ட புதிய கருவிகள் உள்நாட்டு சிம்மில் இயங்கா என்று அறிவித்தது. அதற்கு முன்பே இணைப்பில் இருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை. வாங்குமுன் 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கலாம். ஒழுங்குமுறை என்ற அளவில் இது மென்மையானதுதான், துருக்கி போல் கொள்ளை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் நினைத்துப் பாருங்கள். லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ கோடை விடுமுறைக்கு வரும் மகன் அம்மாவுக்கு ஒரு போன் கொண்டுவருகிறான். இணையத்தில் போய், கடவுச்சீட்டு விவரம் கொடுத்து அதைப் பதியவேண்டியது அவன். அவன் மறந்துவிட்டுத் திரும்பிப் போனால் அலையவேண்டியது அம்மா. விதியின் நோக்கம் கொழும்பு மொத்த வியாபாரியைக் கட்டுப்படுத்துவது. சுமை போய் இறங்குவது ஒரு முதியவளின் கையில்.

5. சுங்கம் வேறு, நெட்வொர்க் வேறு

இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016இன் பேக்கேஜ் விதிகள், வளைகுடாவிலிருந்து திரும்பும் இந்தியர் 50,000 ரூபாய் மதிப்பு வரை வரியின்றிக் கொண்டுவரலாம் என்றன. அதற்கு மேல் வரும் மதிப்புக்கு, கூடுதல் வரி சேர்த்து அப்போது 38.5 சதவீதம். 18 வயது நிறைந்தவர் ஒரு லேப்டாப்பைத் தனிச் சலுகையாகக் கொண்டுவரலாம். செல்போனுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. தொகை காலத்துக்குக் காலம் மாறும். முறை ஒன்றுதான்: வாசலில் பார், வரி இருந்தால் வாங்கு, ரசீது கொடு, அனுப்பிவிடு. விமான நிலையத்தைத் தாண்டியதும் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பாகிஸ்தானும் துருக்கியும் செய்தது, அந்தக் கணக்கை முடிக்காமல் டவர் வரைக்கும் நீட்டியது. அப்போது சுங்க அதிகாரியின் வேலையை டவர் செய்கிறது. டவருக்குக் கருணையும் தெரியாது, விளக்கமும் கேட்காது. மேல்முறையீடு செய்ய அதற்கு ஒரு மேசைகூட இல்லை.

நம் நாட்டில் இந்த நீட்சி இல்லை. சார்ஜாவில் வாங்கிய போனில் பாளையம் கடையில் வாங்கிய சிம்மைப் போட்டால் அப்போதே ஓடும். அந்த எண் திருடப்பட்டதாகவோ திருத்தப்பட்டதாகவோ கறுப்புப் பட்டியலில் இருந்தால்தான் நிற்கும். நல்லது, இப்படியே இருக்கட்டும். ஆனால் நான் முதலில் சொன்ன சாத்தாத கதவு இங்கேதான் இருக்கிறது. விதி ‘விற்பனைக்காக’ இறக்குமதியாகும் போன் என்பதோடு நிற்கவில்லை. விற்பனை, சோதனை, ஆராய்ச்சி, ‘அல்லது வேறு எந்த நோக்கத்துக்காகவும்’ இறக்குமதியாகும் போன் என்கிறது. 1962இன் சுங்கச் சட்டத்தில் இறக்குமதியாளர் என்பதற்கான விளக்கமும் அகலமானது. பொருளின் உரிமையாளரும் அதற்குள் வருவார். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு கறார் அதிகாரி படித்தால், அம்மாவுக்குப் போன் கொண்டுவருகிற நம் குளச்சல்காரரும் இறக்குமதியாளர்தான். அவரும் விமானம் ஏறுமுன் தளத்தில் பதிந்திருக்க வேண்டும்! இன்று யாரும் அப்படிப் படிப்பதில்லை, விமான நிலையத்தில் யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்பதுமில்லை. பிரச்சினை இன்றைய அதிகாரியிடம் இல்லை. நாளைக்கு ஒருவர் வெள்ளைப் பட்டியலுக்கு மாறலாம் என்று நினைத்தால் அவருக்குப் புதிய சட்டம் தேவைப்படாது, இருக்கிற வாசகமே போதும்.

இன்னொரு வேடிக்கை. 2014ஐ ஒட்டிய காலத்தில் இங்கே விற்ற போன்களில் பெரும்பகுதி இறக்குமதி. இன்று விற்பவற்றில் 99 சதவீதம் இங்கேயே தயாராகிறது என்கிறது அரசு. வணிக இறக்குமதி அநேகமாக வற்றிவிட்டது. எனவே ‘இறக்குமதிப் போன்’ என்று இனி மிஞ்சுவதில் கணிசமான பங்கு பயணியின் பெட்டியில் வருவதுதான். வியாபாரிக்காக எழுதிய விதிக்கு வியாபாரி குறைந்து பயணி மட்டும் மிச்சமாகும் நிலை வருகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஐபோன் அமீரகத்துக்கு ஏற்றுமதியாகிறது. அதை அங்கே ஒரு நாகர்கோவில் பையன் வாங்கி இங்கே கொண்டுவருகிறான். இந்தியாவில் தயாராகும் ஒவ்வொன்றையும் முதல் விற்பனைக்கு முன் பதிய வேண்டும் என்ற வாசகப்படி அந்தப் போன் நம் பதிவேட்டில் ஏற்கனவே இருக்க வேண்டும். அதே கடையில், அதே கண்ணாடிப் பெட்டியில் பக்கத்தில் இருந்த சீனத்தில் பூட்டிய ஐபோன் அந்தப் பதிவேட்டில் இருக்காது. வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்று. விலையும் ஒன்று. வெள்ளைப் பட்டியல் வந்தால் ஒன்று பேசும், மற்றது பேசாது.

6. டிசம்பர் பாடம்

2025 நவம்பர் 28 தேதியிட்டு தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் எல்லாப் புதிய போன்களிலும், இறக்குமதியானவை உட்பட, 90 நாளுக்குள் சஞ்சார் சாத்தி செயலி முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்றது. திருட்டுப் போனையும் போலி எண்ணையும் கண்டுபிடிக்க என்பது காரணம். செய்தி வெளியானதும் நாடு முழுக்க எதிர்ப்பு. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் துறை அமைச்சர் சிந்தியா. உத்தரவின் வாசகம் அப்படி இல்லையே என்றார்கள் மற்றவர்கள். இந்நகரின் மக்களவை உறுப்பினர் சசி தரூர், செயலி பயனுள்ளதாக இருக்கலாம், கட்டாயமாக இருக்கக் கூடாது என்ற வகையில் பேசினார். டிசம்பர் 3ஆம் தேதி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நான் அந்தச் செயலியின் எதிரி அல்ல. திரும்பப் பெற்ற அதே மாதத்தில் அரசு சொன்ன கணக்கில், இந்த அமைப்பின் மூலம் சுமார் 26 லட்சம் போன்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டறியப்பட்டு, 7 லட்சத்துக்கு மேல் மீட்கப்பட்டிருந்தன. தொலைந்த போன் திரும்பக் கிடைத்தவரின் வீட்டில் கேட்டுப் பாருங்கள், தனியுரிமை பற்றிய என் சொற்பொழிவை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் அந்த 7 லட்சமும் கட்டாயச் செயலியால் வந்ததல்ல. இழந்தவர் தாமாகப் போய்ப் புகார் கொடுத்ததால் வந்தது. அதாவது கறுப்புப் பட்டியல் வேலை செய்ததால் வந்தது. போனை வாங்குமுன் ‘கேஒய்எம்’ (KYM) என்று தட்டி, இடம் விட்டு, 15 இலக்கத்தைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் அதன் நிலவரம் வந்துவிடும்; இதற்கும் செயலி தேவையில்லை. 2024இன் சைபர் பாதுகாப்பு விதிகளுக்கு 2025 அக்டோபரில் வந்த திருத்தம், பழைய போன் வியாபாரிகள் வாங்கி விற்குமுன் எண்ணைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்கிறது. இங்கும் கடமை வியாபாரியுடையது. இந்தத் திசை சரி.

ஒரே பதிவேட்டை வரி வசூலுக்கும், போலி ஒழிப்புக்கும், திருட்டுக்கும், ஆளைப் பின்தொடரவும் வைத்துக்கொண்டால் நான்கும் ஒன்றையொன்று கெடுக்கும். வரிக்குப் பயந்து மக்கள் பதியமாட்டார்கள். பதியாததால் திருட்டுப் போனைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியவில்லை என்பதற்காகக் கண்காணிப்பை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க இன்னும் சிலர் விலகுவார்கள்.

7. என்ன செய்யலாம்

முதலாவது, விதியில் ஒரு வரி. பயணி தன் உபயோகத்துக்கோ குடும்பத்தாருக்கோ கொண்டுவரும் போன், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை, இந்த விதிக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இந்தோனேசியா போல் இரண்டு என்று வைத்தாலும் சரி. நான்கு, ஐந்து என்று அட்டைப்பெட்டியோடு வருகிறவரை வியாபாரியாகப் பார்க்கட்டும்.

இரண்டாவது, சுங்கத் தகவலை நெட்வொர்க்கோடு இணைப்பதில்லை என்ற உறுதி. இதைச் சுற்றறிக்கையில் சொல்லிப் பயனில்லை, விதியில் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை விழுங்கிவிடும்.

மூன்றாவது, விரும்பினால் பதியும் வசதி. கட்டாயத்தை எதிர்ப்பவன் எதற்கு இதைக் கேட்கிறேன் என்று சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. வெளிநாட்டுப் போன் காணாமல் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போலீசில் புகார், தொலைந்த சிம்முக்கு மாற்று சிம், பிறகு சியெய்ர் படிவத்தில் எண், அடையாள அட்டை, இருந்தால் வாங்கிய ரசீது. பெட்டியில் வந்த போனின் ரசீது மகன் பெயரில், அரபியும் ஆங்கிலமும் கலந்து, பெரும்பாலும் அவன் சார்ஜா அறையிலேயே கிடக்கும். போன் அம்மாவின் கையில். சிம் அம்மா பெயரில், சில வீடுகளில் பேரன் பெயரில். 15 இலக்கத்தைக் குறித்து வைத்தவர் எவரும் இல்லை, அட்டைப்பெட்டியை எடை குறைக்க அங்கேயே எறிந்திருப்பார்கள். புகாரை எழுதுகிற ஸ்டேஷன் எழுத்தருக்கு இந்தப் போனின் உரிமையாளர் யார் என்பதே முதல் சந்தேகம்.

சாக்கை முனையத்தில் பெட்டி வரும் வரை அரை மணி நேரம் எல்லோரும் சும்மாதான் நிற்கிறார்கள். கட்டணமில்லாமல், வரிக் கேள்வியில்லாமல், விரும்புகிறவர் எண்ணையும் அது போய்ச் சேரும் ஆளின் பெயரையும் தானே பதிந்துகொள்ள அங்கே ஒரு கியூஆர் பலகை வைக்கலாம். மலையாளத்திலும் தமிழிலும் இருக்கட்டும். சியெய்ர் படிவத்திலும் ‘வெளிநாட்டில் வாங்கியது, உறவினர் கொடுத்தது’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அதை டிக் செய்தவரிடம் ரசீது கேட்காமல் எழுத்தர் புகாரை வாங்கிக்கொள்ளட்டும்.